நாலாயிரத்தில் ஒரு பள்ளம்

கிழக்குத் தாம்பரத்தில் மருந்துக்கடை மாடி.
பஞ்சு பொதிந்த கண்ணாடி அறை.
நிலோஃபர் என்ற அந்தப் பெண்
என் காதில் கவசம் மாட்டி
கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள்.
"சத்தம் கேட்டா அமுக்குங்க சார்.
சின்னதா கேட்டாலும் அமுக்குங்க."

முதலில் விசில்.
பிறகு ஊசி.
பிறகு ஊசியின் நிழல்.
பிறகு எதுவுமில்லை.

எதுவுமில்லாத அந்த இடத்தில்தான்
டகோட்டா வந்தது.

வந்ததும் இருமும். எப்போதும் அப்படித்தான்.
விசிறி மூன்று சுற்று சும்மா சுற்றும்.
ஒரே ஒரு சிலிண்டர் எழுந்து
யாரடா அது என்று கேட்கும்,
நீலப் புகையைத் துப்பும்,
பக்கத்தில் படுத்திருப்பதைத் தட்டி எழுப்பும்.
பதினாலும் விழித்து
ஒரே குரலில் சேரும்வரை
நாங்கள் மூச்சுவிட மாட்டோம்,
நானும் குருவிலாவும்,
தீயணைப்புக் குப்பியோடு இறக்கைக்குக் கீழே.
சேர்ந்துவிட்டால் பல்லில் தெரியும்.
பனியன் நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும்.
காதில் பஞ்சு வை என்பார் சார்ஜென்ட்.
வைத்தால் எப்படிப் பிடிப்பது
மூணாவது சிலிண்டர் சொல்லும் பொய்யை?

ஆவ்ரோ வேறு ரகம்.
விசில் வந்தும் யாரும் இறக்காத குக்கர்.
பாக்கெட் வந்தால்
சேலையூர் பள்ளிக்கூடத்தில் வாத்தியார்
வாய்ப்பாட்டைப் பாதியில் நிறுத்திக் காத்திருப்பாராம்,
ஏழெட்டு ஐம்பத்தாறு
ஓடுபாதையில் இறங்கி முடிக்கும்வரை.

மாடம்பாக்கத்தில் எங்கள் வீடு.
தனபாக்கியம் ஒருநாளும் விமானத்தைத் தொட்டதில்லை,
கேட்டைத் தாண்டி உள்ளே வந்ததுமில்லை.
கொடியில் என் காக்கிச் சட்டையை உதறிக்கொண்டே
அண்ணாந்து பார்க்காமல் சொன்னாள்:
"இன்னிக்கு உங்க ஆளுக்கு
இடது பக்கம் சளி."

மறுநாள் மூடியைக் கழற்றினோம்.
இடது பக்கம். ஒன்பதாவது சிலிண்டர். பிளக்கில் கரி.
எப்படிடா கண்டுபிடிச்சே என்றான் குருவிலா.
நான் காதைத் தொட்டுக் காட்டினேன்.
நாற்பத்தைந்து வருஷமாக
அந்தப் பொய்யை இறக்கி வைக்கவில்லை.

புதன்கிழமை நாலே முக்காலுக்குத் தபாலோடு வரும் ஒன்று.
அதைக் கேட்டுத்தான் அவள் அரிசி களைவாள்.
மழையில் அது மீனம்பாக்கத்திலேயே தங்கிவிட்டால்
எங்களுக்குச் சோறு தாமதம்.
ஏன் என்று நானும் கேட்டதில்லை.

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள்.
நிலோஃபர் கதவைத் திறந்தாள், வாயைப் பெரிதாக்கிச் சொன்னாள்:
"சார், நான் ஒண்ணுமே போடல.
நீங்க பாட்டுக்கு அமுக்கிட்டே இருக்கீங்க."

தாளில் ஒரு கோடு.
தட்டையாக வந்து, இரண்டாயிரத்தில் சரிந்து,
நாலாயிரத்தில் பள்ளம்.
குயில், வளையல், போன் மணி,
பேத்தி சொல்லும் 'ச' எல்லாம் அங்கே விழுந்துவிட்டனவாம்.
கீழ்க்குரல்கள் மட்டும் பத்திரம்.
தாளைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தேன்.
அகரம்தென் பக்கமிருந்து இறங்கும் பாதை,
அச்சு அசல்.
சக்கரம் தொடும் இடம்கூடச் சரி.

ஒரு காதுக்கு இருபத்தெட்டாயிரம்.
தவணை உண்டு.
யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

சாயங்காலம் மொட்டைமாடி.
ஆன்டனோவ் ஒன்று போயிருக்க வேண்டும்,
எனக்கு அது செருப்பு வழியாக வந்தது.
"சளியா?" என்றேன்.
தனபாக்கியம் வாயில் கடித்திருந்த கிளிப்பை எடுத்தாள்,
நான் உதட்டைப் படிப்பதற்காக என் பக்கம் திரும்பினாள்.
"இதெல்லாம் நல்லாத்தான் ஓடுது.
ஓடி என்ன, ஒண்ணும் பேச மாட்டேங்குது."

ஒன்பதாவது சிலிண்டரைப் பற்றி
குருவிலாவிடம் இன்றாவது சொல்லிவிடலாம்.
கோட்டயத்து எண் இருக்கிறது.
போனில்தான் எனக்குக் கேட்காது.
அவளையே பேசச் சொல்ல வேண்டும்.